சோறாக்கும் முறையும் அரிசியின் சத்தும் நஞ்சும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘சோறு’ என்னும் பொருள் பற்றிச் சில சொல்லுமாறு இச்சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அடுக்களையில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் நாடோறும் இருமுறையும் மும்முறையும் நாம் செய்யும் ஒரு தொழிலை ஆராயாது விடுத்து, எந்நாளோ ஒருநாள் எதிர்ப்படும் பொருள்களையே ஆராய்ந்து கொண்டிருத்தல் அறிவுடைமையன்று. அன்றியும், இதனை இப்பொழுது பேச வேண்டிய காரணம் ஒன்றும் உளது.

நம் சங்கத்து மாணவர் விடுதிக்கு நீராவியாற் சோறாக்கும் பெருங்கலம் ஒன்று வாங்கலாமா, அன்றிப் பழையபடி உலைவைத்து வடித்தே சமைக்கலாமா என்னும் வினா சென்ற செயற்குழுவில் எழுந்தது. ஒரு சாரார், ‘வடித்தலால் அரிசியின் சத்தெல்லாம் கஞ்சியோடு வாய்க்காலுக்குப் போகின்றது, வடியாது சமைப்பதே தக்கது’ என்றனர். மற்றொரு சாரார், ‘அரிசியில் ஆர்சனிக் என்னும் நஞ்சு உண்டெனச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, கஞ்சியோடு அது போய்விடுமாதலின் வடிப்பதே தக்கது’ என்றனர். இரு சாரார் கூற்றும் உண்மையே. உண்மைகள் இரண்டு எதிர்நிற்குமிடத்து எதனை எவ்வளவு கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது. வளரும் பருவத்துப் பிள்ளைகள் ஆண்டு முழுதும் உண்ணும் உணவைப் பற்றியது ஆதலின், இதனை வெறும் வாதமாகக் கருதி விடுதல் ஆகாது.

நெல்லின் உறுப்புக்கள்

நெல்லின் மேலே இருப்பது உமி. உமியை நீக்கினால் செந்நிறமோ பழுப்பு நிறமோ உடைய அரிசி வெளிப்படும். அவ்வரிசியைப் போர்த்திருக்கும் மெல்லிய தோலே தவிடாக உதிர்வது. அரிசியின் ஒரு முனையில் முளைக்கரு அமைந்துள்ளது. தவிடும் முளையும் நீங்கியபின் எஞ்சும் வெண்மணி பெரும்பாலும் மாவுப்பொருளே. தயாமின் எனப்படும் வைட்டமின் பி1, நயாசின், இரும்பு, நார்ப்பொருள் முதலியன தவிட்டிலும் முளையிலும் மிகுதியாகவும் வெண்மணியிற் குறைவாகவும் உள்ளன. உலக்கையாற் குத்திய காலத்தில் தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டி நின்றது. ஆலைப்பொறி வந்தபின் அரிசி முல்லையரும்புபோல் வெளுத்தது. வெளுக்க வெளுக்கச் சத்தும் குறைந்தது.

இதுவரை யாவரும் அறிந்தது. இனிக் கூறுவதே கூர்ந்து நோக்கத்தக்கது. ஆர்சனிக்கும் பெரும்பாலும் அத்தவிட்டிலேயே மிகுந்து தங்குகின்றது. ஆதலின் தீட்டாத அரிசியிற் சத்தும் மிகுதி, நஞ்சும் மிகுதி. தீட்டிய அரிசியில் இரண்டும் குறைவு. நல்லதும் தீயதும் ஒரே வீட்டிற் குடியிருக்கின்றன. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் பின்னர்க் கூறுவன எல்லாம் எளிதில் விளங்கும்.

தீட்டிய அரிசி தந்த நோய்

சத்துப் போவதனால் விளையும் கேடு கற்பனையன்று. 1890களில் சாவகத் தீவிலுள்ள பட்டேவியாவில், அஃதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் கால் துவண்டு விழும் கோழிகளைக் கண்டார். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நோயுற்றன. தீட்டாத அரிசியைக் கொடுத்தபின் நலமுற்றன. மக்களைக் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாளச் செய்த ‘பெரிபெரி’ என்னும் நோயின் மருமம் இவ்வழியே வெளிப்பட்டது. ஐக்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இந்நோய் நமக்கு அயலானதன்று. பழைய சென்னை மாகாணத்தின் வடபகுதியாகிய வட சர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களில் இது பரவியிருந்தது. இதனை ஆராய்தற்கென்றே 1918ஆம் ஆண்டில் நம் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், மக்காரிசன் என்னும் மருத்துவர் ஆய்வைத் தொடங்கினார். அவ்வோர் அறையே வளர்ந்து உணவாராய்ச்சி நிலையமாகிப் பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகின்றது.

வட சர்க்கார் மக்களும் அரிசி உண்டனர். தமிழ் மாவட்டத்தாரும் அரிசி உண்டனர். அங்கே பெரிபெரி பரவ, இங்கே அஃது அருகியிருந்தது யாது பற்றி? அங்குள்ளார் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். நம்மவர் புழுங்கலரிசியை உண்டனர். நெல்லை நீரில் ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டிலுள்ள தயாமின் நீரோடும் வெப்பத்தோடும் மணியின் உள்ளே இறங்குகின்றது. மாவு வெந்து இறுகி அதனை உள்ளே பூட்டிக் கொள்கின்றது. பின்னர் ஆலையில் தவிட்டைத் தீட்டி எறிந்தாலும் உட்புகுந்த சத்து உள்ளேயே நிற்கின்றது.

குன்னூர் நிலையத்தார் தொகுத்த உணவுப் பட்டியல் இதனை எண்ணாற் காட்டுகின்றது. 100 கிராம் அரிசியில் உள்ள தயாமின், ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம், கைக்குத்தற் பச்சரிசியில் 0.21 மில்லிகிராம், கைக்குத்தற் புழுங்கலரிசியில் 0.27 மில்லிகிராம். ஆலையிற் சென்ற புழுங்கலரிசி, கையாற் குத்திய பச்சரிசிக்கு ஈடாய் நிற்பதைக் காண்மின். கழுவுங்காலும் பச்சரிசி இழப்பதினும் புழுங்கலரிசி இழப்பது குறைவே.

நஞ்சு புகும் வழி

இனி ஆர்சனிக்கைப் பற்றிக் கூறுவோம். பெயர் புதிது, பொருள் பழையது. அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என நம் சித்த மருத்துவ நூல்களில் வழங்குவன எல்லாம் ஆர்சனிக் கலந்த பொருள்களே. வெள்ளைப் பாஷாணம் ஒரு சிட்டிகை உயிரைக் குடிக்கும் என்பதை அனைவரும் அறிவர். அரிசியில் உள்ளது அத்தகைய பேரளவன்று. ஒரு கிலோவிற்கு மில்லிகிராமின் சிறு பின்னமே. ஆயினும் அச்சிற்றளவும் பல்லாண்டுகள் நாடோறும் உட்செல்லின் தீங்கு விளைக்கும். ஆர்சனிக்கில் கனிமவகை, கரிமவகை என இருவகை உண்டு. அவற்றுள் கனிமவகையே கொடியது; புற்றுநோயை விளைப்பது என ஐயமற நிறுவப்பட்டது.

அஃது அரிசியில் ஏன் மிகுதல் வேண்டும்? மண்ணில் இயல்பாகவே சிறிதளவு ஆர்சனிக் உண்டு. காற்றோட்டமுள்ள புன்செய் நிலத்தில் அஃது இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கும். நன்செய் நிலத்தில் நீர் தேங்கிக் காற்று அற்றுப்போங்கால் அத்துரு கரைகின்றது; ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரிற் கலக்கின்றது. நெற்பயிரோ தன் தண்டுக்கு உறுதி வேண்டி மண்ணிலுள்ள மணற்சத்தாகிய சிலிக்காவை வேரால் மிகுதியும் உறிஞ்சும் இயல்புடையது. அந்நீரிற் கலந்த ஆர்சனிக் உருவிற் சிலிக்காவை ஒத்திருப்பதனால், சிலிக்கா செல்லும் வாயில் வழியே அதுவும் புகுந்து விடுகின்றது. இவ்வுண்மையை ஜப்பானிய ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் விளக்கினர்.

இக்கேட்டின் முழு வடிவத்தை வங்கத்திற் காணலாம். குளத்து நீரால் வரும் வயிற்றுநோய்க்கு அஞ்சி அங்கே எண்ணிறந்த குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அந்நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருந்தது. 1983ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல்நோய் மருத்துவர் சாகா அவர்கள் உள்ளங்கை தடித்துத் தோல் புள்ளிபட்டு வந்த நோயாளரைக் கண்டு, அஃது ஆர்சனிக்கின் விளைவென அறிந்தார். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்ரவர்த்தி ஊரூராகச் சென்று நீரைச் சோதித்து இடரின் பரப்பை உலகறியச் செய்தார். அந்நீரையே குடித்து, அந்நீரையே வயலுக்குப் பாய்ச்சி, அந்நீரிலேயே சோறாக்கிய மக்களுக்கு நஞ்சு மூன்று வழியாலும் வந்தது.

நம் கரிசற் பகுதியின் நிலத்தடி நீர்க்குக் குற்றமாகப் பேசப்படுவன உப்பும், சிலவூர்களில் புளோரைடுமே. கோவிற்பட்டி நகரம் குடிப்பது பெரும்பாலும் குழாய்வழி வரும் தாமிரபரணி நீர். ஆதலின் வங்கத்தாரின் அச்சத்தை அப்படியே நாம் கடன் வாங்க வேண்டுவதில்லை. மற்று, நாம் உண்ணும் அரிசி நம் காட்டில் விளைந்ததன்று. தாமிரபரணிக் கரையிலிருந்தும், காவிரிக் கழனியிலிருந்தும், வேற்று மாநிலங்களிலிருந்தும் நியாயவிலைக் கடை வழியாகவும் மண்டி வழியாகவும் அது வருகின்றது. எந்த மூட்டை எந்த வயலது என்று உண்பவர் அறியார். அறியாவிடத்து அளவான எச்சரிக்கை நன்று. அஞ்சி நடுங்குதல் வேண்டா.

உலையிற் கண்ட உண்மைகள்

சமைக்கும் முறையால் நஞ்சு குறையுமா என்பதனைப் பலர் சோதித்துள்ளனர். அவற்றுள் நான்கினைக் கூறுவோம்.

முதலாவது, வங்க அரிசியைக் கொண்டு செய்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. தெளிநீர் வரும்வரை கழுவி, ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு நீர் வைத்து வேகவிட்டு வடிக்கும் நம் நாட்டுப் பழைய முறையில், அரிசியிலிருந்த ஆர்சனிக்கில் 57 விழுக்காடு வரை நீங்கியது. அதில் ஏறக்குறையப் பாதி கழுநீரிலும் பாதி கஞ்சியிலும் போயிற்று. கழுவாது, ஒன்றரை அல்லது இரண்டு பங்கு நீரில் வற்றச் சமைத்தபொழுது சிறிதும் நீங்கவில்லை. இங்கே ஒரு நிபந்தனை உண்டு: சமைத்த நீர் ஆர்சனிக் இல்லாத நன்னீர். நீரே நஞ்சாயின் எம்முறையும் காவாது. சோறு அந்நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு ஆபர்தீனில் வெளியிட்டது. ஆறு பங்கு நீரில் வேகவைத்து வடித்தபொழுது நீண்ட அரிசியிலும் பாஸ்மதியிலும் கனிமவகை ஆர்சனிக் ஏறக்குறைய 45 விழுக்காடு குறைந்தது. புழுங்கலரிசியில் அத்துணைப் பயன் காணவில்லை.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து ஆட்சித் துறையார் வெளியிட்டது. மிகுநீரில் வேகவைத்து வடித்ததனால் தீட்டிய அரிசியில் 40, தீட்டாத அரிசியில் 50, புழுங்கலரிசியில் 60 விழுக்காடு அளவில் கனிமவகை ஆர்சனிக் குறைந்தது. ஆயின் அந்நாட்டில் அரிசியின்மேற் பூசிச் சேர்க்கும் இரும்பு, போலிக் அமிலம், தயாமின், நயாசின் ஆகியவற்றில் 50 முதல் 70 விழுக்காடு வரை உடன் போயிற்று. வெறுங்கழுவலால் ஆர்சனிக் மிகச் சிறிதே குறைந்தது; பூசிய சத்தோ கழுவலிலேயே கரைந்தது.

நான்காவது, 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்து மனோஜ் மேனனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டது. கொதிக்கும் நீரில் அரிசியை இட்டு ஐந்து நிமிடம் வேகவிட்டு, அந்நீரை வடித்துவிட்டு, புதிய நீரை அளவாக ஊற்றிச் சிறுதீயில் வற்றச் சமைப்பது அவர் கண்ட முறை. இதனால் தீட்டாத அரிசியில் 54, தீட்டிய அரிசியில் 73 விழுக்காடு கனிமவகை ஆர்சனிக் நீங்கியது. துத்தநாகம் முதலியன பெரும்பாலும் தங்கின. முதற்கொதியிலேயே ஆர்சனிக்கிற் பெரும்பகுதி வெளிவந்து விடுகின்றது. பின்னர் ஊற்றும் நீரிற் கரைவது அரிசிக்கே திரும்பி விடுகின்றது. இம்முறையின் நயம் அதுவே.

இந்நான்கிலும் எண்கள் ஒத்திலாமை கண்டு மயங்க வேண்டா. அரிசி வேறு, தீட்டிய அளவு வேறு, நீரளவு வேறு. நாம் கொள்ளத்தக்க பொதுவுண்மை ஒன்றே: நன்னீர் மிகுதியாக வைத்து வடித்தால் நஞ்சு ஏறக்குறையப் பாதி போகின்றது, நீரிற் கரையும் சத்தும் கணிசமாகப் போகின்றது. நீருக்கு நல்லது தீயது தெரியாது. கரைவது யாதாயினும் கரைத்துச் செல்லும்.

கஞ்சி எங்கே போகின்றது?

இங்கே பலரும் நோக்காது விட்ட ஒன்றுண்டு. வடித்த கஞ்சி எங்கே போகின்றது என்று கேளுங்கள். அதனை வாய்க்காலில் ஊற்றும் வீட்டிற் சத்தும் நஞ்சும் இரண்டும் போயின. அதனை உப்பிட்டுக் குடிக்கும் வீட்டில் இரண்டும் வயிற்றுக்கே வந்தன; அவ்வீட்டார் வடித்ததும் ஒன்று, வடியாததும் ஒன்று. பழைய சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் நீராகாரத்தோடு உண்பவர்க்கும் அவ்வாறே. அந்நீரிற் கரைந்தது வீணாவதில்லை. ஆகவே ‘வடிக்கலாமா’ என்னும் வினாவினும் ‘கஞ்சியை யார் குடிப்பது’ என்னும் வினாவே பெரிது. எளிய குடும்பத்துத் தாய்மார் சோற்றைப் பிள்ளைகட்கு இட்டுவிட்டுத் தாம் கஞ்சியைக் குடித்து வயிறு நிரப்பிய காலம் நம்மவர் நினைவினின்று நீங்கவில்லை. அத்தாய்மார்க்குச் சத்து ஓரளவேனும் கிடைத்தது கஞ்சியினாலேயே.

மற்றொன்றும் கூறுவோம். புழுங்கலரிசியை வடித்துண்ணும் நம் வழக்கம், தயாமினைப் பெரிதும் காத்து, ஆர்சனிக்கையும் ஓரளவு நீக்கியது என்று இன்று தெரிகின்றது. இதனைக் கொண்டு, ‘நம் முன்னோர் அனைத்தும் அறிந்தே செய்தனர்’ என மேடைதோறும் முழங்குவாரோடு யாம் சேரோம். நெல்லைப் புழுக்கியது குத்துங்கால் நொய்யாகாமைக்கும், பூச்சி அரியாமைக்கும்; வடித்தது சோறு குழையாமல் உதிரியாய் இருத்தற்கு. பயன் வேறாய் வந்து வாய்த்தது. வாய்த்த பயனைப் போற்றுவோம். வாராத பெருமையை வரவழைத்தல் புலமைக்கு அழகன்று.

ஒரு சிறு கணக்கு

உலக நாடுகளின் உணவுத்தர அமைப்பாகிய கோடெக்சு, தீட்டிய அரிசியில் கனிமவகை ஆர்சனிக் கிலோவிற்கு 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என 2014ஆம் ஆண்டில் வரையறுத்தது. தீட்டாத அரிசிக்கு 0.35 மில்லிகிராம் என 2016ஆம் ஆண்டில் வரையறுத்தது. குடிநீர்க்கு உலக நல்வாழ்வு அமைப்பு வகுத்த அளவு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்கின்றார் எனவும், அவ்வரிசி மேற்கூறிய வரம்பின் விளிம்பில் நிற்கின்றது எனவும் வைத்துக்கொள்வோம். அவர் வயிற்றுட் செல்வது 80 மைக்ரோகிராம். வரம்பின் விளிம்பிலுள்ள நீரை அவர் 3 லிட்டர் குடித்தாலும் 30 மைக்ரோகிராமே செல்லும். சந்தை அரிசி அனைத்தும் அவ்விளிம்பில் உள்ளது என்பது எம் கருத்தன்று. உண்ணும் அளவு பெரிதாயின் சிறு பின்னமும் பெருகும் என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

அவர் வடித்துண்டு கஞ்சியை விலக்கின் 80 என்பது ஏறக்குறைய 40 ஆகும். ஆயின் சத்தும் குறையும். வடியாமலே, அரிசியில் பாதியை நீக்கி ஒரு வேளை கம்போ குதிரைவாலியோ உண்டாலும் அரிசியால் வருவது 40 ஆகும். சத்தோ குறையாது, கூடும். இரண்டும் செய்யின் அஃது 20 ஆகும். அடுப்பங்கரை ஆராய்ச்சி முழுவதும் சேர்ந்து தரும் பயனை, ஒரு வேளைக் கம்பஞ்சோறு தனியே தருகின்றது. இதுவே யாம் இன்று முதன்மையாகச் சொல்ல வந்தது.

கரிசற் காட்டின் வழி

கோவிற்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் எனப் பரந்த இக்கரிசல் மானாவாரி நிலம். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும், கம்பும், சோளமும், குதிரைவாலியும், உளுந்தும், பாசிப்பயறும், மல்லியும், மிளகாயும் விளைப்பது. நீர் தேங்கி நில்லாத புன்செய்ப் பயிர்கள் ஆதலின் இத்தவசங்களில் ஆர்சனிக் பொதுவாக அரிசியினும் குறைவு. பழைய பட்டியலின்படி 100 கிராம் கம்பில் தயாமின் 0.33 மில்லிகிராம், சோளத்தில் 0.37 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியின் 0.06 என்பதனோடு இவற்றை ஒப்பிட்டுக் காண்மின். கோவிற்பட்டியில் 1901ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இம்மானாவாரிப் பயிர்களுக்கென்றே உழைத்து வருகின்றது.

இத்துணை இருந்தும் நம்மவர் இல்லங்களில் நிகழ்ந்தது யாது? நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே வாய்த்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நெல்லுச்சோறு செல்வத்தின் அடையாளமாயிற்று. கம்பங்கூழ் வறுமையின் அடையாளமாயிற்று. பொருள் சிறிது வந்ததும் நாம் முதலிற் கைவிட்டது கம்பையே. விருந்தினர் வரின் சோளச்சோற்றுப் பானையை மறைத்து வைப்பாரும் உளர். கல்வியாலும் தொழிலாலும் உயர்தலே உயர்வு. தவசத்தை மாற்றியதனால் எக்குலமும் உயர்ந்ததில்லை. நகரத்துச் செல்வர் சிறுதானியம் என்று பெயர்சூட்டி அதனையே மிகுவிலை கொடுத்து வாங்கும் இக்காலத்தில், விளைவிக்கும் நாம் உண்ண நாணுதல் நகைப்பிற்கிடமன்றோ?

ஆயின் ஒரு தவசத்தையே பற்றிக்கொள்ளுதலும் ஆகாது. தக்காண நாட்டில் சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் பெல்லாகரா என்னும் தோல்நோய் தோன்றியது. சேலத்திற் பிறந்த மருத்துவ அறிஞர் கோபாலன் அவர்கள், முன்கூறிய உணவாராய்ச்சி நிலையத்தில் இருந்து அதனை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் விளக்கம் வெளியிட்டார். ஆகவே அரிசியே தெய்வம் என்பதும் பிழை. சோளமே மருந்து என்பதும் பிழை. மாறிமாறி உண்பதே நெறி.

உழவர்க்கும் ஒரு சொல். ஆற்றுப்பாசனத்தில் நெல் பயிரிடும் நம் உறவினர், ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வேளாண் துறையார் கூறும் முறையிற் காயவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சுவராயின் நீரும் மிஞ்சும். மண்ணிற் காற்றுப் புகுதலால் நெல்லில் ஏறும் ஆர்சனிக்கும் குறையும்.

செய்யத்தக்கன

இனி, கூறியவற்றைத் தொகுத்து இல்லத்திற்கும் விடுதிக்கும் ஏற்றவற்றைச் சொல்லி முடிப்போம்.

முதலாவது, நாடோறும் உண்ணுதற்குப் புழுங்கலரிசியையே கொள்க. பச்சரிசி பொங்கலுக்கும் விழாவிற்கும் போதும். பச்சரிசியையே நாடோறும் உண்பவர் பயறும் கீரையும் கூட்டி உண்க.

இரண்டாவது, அரிசியை இருமுறை அளவாகக் கழுவுக. ஆறேழு முறை கசக்கிக் கழுவுதல் நீர் அருமையான நம்மூர்க்கு ஒவ்வாது. கழுவலால் நீங்கும் நஞ்சு அரிசிக்கு அரிசி வேறுபடும், கரையும் சத்தோ உறுதியாகப் போகும்.

மூன்றாவது, மூன்று வேளையும் அரிசியே உண்ணும் வீட்டார் வடித்துண்பதே நன்று. நாளில் ஒரு வேளையே அரிசி உண்பவர் வடியாது பொங்கி உண்டாலும் அஞ்ச வேண்டுவதில்லை.

நான்காவது, கைக்குத்தலரிசியும் தீட்டாத அரிசியும் விரும்புவோர் ஐந்து நிமிட முதற்கொதியை வடித்துவிட்டுப் புதுநீரிற் சமைப்பாராக. சத்தும் நஞ்சும் இரண்டும் மிகுந்த அரிசிக்கு அம்முறையே பெரிதும் பொருந்தும். வடித்த கஞ்சியை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றின் நீர் வீணாகாது.

ஐந்தாவது, பால்குடி மறக்கும் மகவிற்கு அரிசிக்கஞ்சி ஒன்றையே ஊட்டற்க. உடலெடையை நோக்க மகவு உண்ணும் அளவு பெரிதாதலின் நஞ்சின் விகிதமும் பெரிதாகும். அமெரிக்க ஆட்சித்துறையார் 2020ஆம் ஆண்டில் மகவுகட்குரிய அரிசி மாவிற்குக் கிலோவிற்கு 0.1 மில்லிகிராம் எனப் பெரியோர் அரிசியினும் கடுமையான அளவு வகுத்தது இது கருதியே. கேழ்வரகுக் கூழும், பாசிப்பயற்றுக் கஞ்சியும் மாறிமாறிக் கொடுக்க.

ஆறாவது, நியாயவிலைக் கடைகளில் அண்மை ஆண்டுகளில் செறிவூட்டிய அரிசி வழங்கப்பட்டது. இரும்பு, போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றை அரிசி மாவோடு பிசைந்து மணியாக்கி, நூற்றுக்கு ஒன்றாகக் கலந்தது அது. கழுவுங்கால் மிதந்த அம்மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என அஞ்சிப் பொறுக்கி எறிந்த வீடுகள் பல. அவ்வரிசி கிடைப்பின் மணிகளை எறியற்க; நீரை அளந்து ஊற்றி வற்றச் சமைக்க. வடித்தால் சேர்த்த சத்தில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும்.

ஏழாவது, நம் விடுதியைப் பற்றியது. அங்கே பிள்ளைகள் மூவேளையும் அரிசி உணவே உண்கின்றனர். ஆதலின் சோற்றைப் புழுங்கலரிசியால் வடித்தே சமைக்க. நீராவிக் கலம் வாங்குவதாயின் இட்டலிக்கும் பருப்புக்கும் பயற்றுக்கும் பயன்படுத்துக. வாரத்தில் நான்கு நாளேனும் ஒரு வேளை கம்போ, குதிரைவாலியோ, சோளமோ இடுக. வடித்தலால் இழந்த தயாமினை மீட்டற்கு வேற்றூர் செல்ல வேண்டா: 100 கிராம் நிலக்கடலையில் அது 0.90 மில்லிகிராம் உள்ளது. வறுக்குங்கால் அதிற் பெரும்பகுதி அழிதலின் ஊறவைத்தோ அவித்தோ கொடுத்தல் நன்று. 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவிற்பட்டிக் கடலைமிட்டாயும் பிள்ளைகட்கு உவப்பானதே. பயனில் அவித்த கடலைக்கு அடுத்ததாக அதனைக் கொள்க.

அன்பர்காள்! அடுக்களையில் உலைநீரை அளப்பவர் தாய்மாரே. ஆயின் எந்த அரிசியை வாங்குவது, எத்தவசத்தை விளைப்பது, எதனை உண்ண நாணுவது என்பன ஆடவர் தீர்மானங்களாகவே பெரும்பாலும் நடக்கின்றன. இச்சொற்பொழிவைக் கேட்டு இல்லம் சென்று, ‘இன்றுமுதல் இப்படி வடி, இப்படிக் கழுவு’ எனப் பெண்டிர்க்குக் கட்டளையிடுதல் எம் நோக்கமன்று. வரும் சந்தைக்கு அரிசி வாங்கச் செல்லும் ஆடவர் ஒவ்வொருவரும் ஒரு படி கம்போ குதிரைவாலியோ உடன் வாங்கி வருவாராயின், யாம் பேசியதன் பயன் கைகூடியதாகும். செயற்குழுவினர் விடுதியின் அடுத்த மாத உணவுப் பட்டியலை வகுக்குங்கால் மேற்கூறியவற்றை மனங்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.